ரைஸ் குக்கர்: எந்த அரிசி, எத்தனை பேர், எந்தப் பாத்திரம்?

ரைஸ் குக்கர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். உங்கள் வீட்டில் தினமும் வேகப்போவது பச்சரிசியா, புழுங்கலரிசியா, கைக்குத்தல் அரிசியா? ஒரு வேளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்? வெந்த சூட்டோடு சாப்பிடுவீர்களா, நாலு மணி நேரம் கழித்தா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால், கடை அலமாரியில் இருக்கும் மாடல்களில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும். தெரியாமல் போய் நின்றால் பட்டன் அதிகம் உள்ளதுதான் உசத்தி என்று தோன்றும். விற்கிறவரும் அதையேதான் எடுத்துக் காட்டுவார்.

குக்கருக்கு எப்படித் தெரிகிறது?

சோறு வெந்துவிட்டது என்பது சாதாரண ஸ்விட்ச் குக்கருக்கு எப்படித் தெரிகிறது? அதற்குள் நேரம் பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. உள்ளே தண்ணீர் இருக்கிறவரை பாத்திரத்தின் அடி 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். அரிசி குடித்தது போக மிச்சத் தண்ணீரும் ஆவியாகிப் போனதும், அடியின் சூடு மளமளவென்று ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் குக்கர் பிடித்துக்கொள்கிறது.

உள்பாத்திரத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். ஹீட்டர் தட்டின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு வட்டத் தலை தெரியும். விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் மேலே வரும். அதற்குக் கீழே ஒரு காந்தமும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் அங்குள்ள ஒரு பாகம் காந்தத்தன்மையை இழந்துவிடும். பிடி விட்டதும் ஸ்பிரிங் தள்ளும். 'டக்' என்று ஸ்விட்ச் மேலே ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

1955இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி குக்கரும் இதே அடிப்படையில்தான் ஓடியது, உறுப்பு மட்டும் வேறு. அதில் இரண்டு பாத்திரங்கள். வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர் ஏறக்குறைய 20 நிமிடத்தில் வற்றும். வற்றியதும் சூடேறி, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பைமெட்டல் தகடு வளைந்து கரண்ட்டைத் துண்டிக்கும். அதை உருவாக்கியவர் யோஷிததா மினாமி. விதவிதமான வெயிலிலும் குளிரிலும் திரும்பத் திரும்பச் சமைத்து அளந்து பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. இன்று நாம் அலட்சியமாகத் தட்டிவிட்டுப் போகும் ஸ்விட்சுக்குப் பின்னால் அந்தப் பெண்மணியின் உழைப்பு இருக்கிறது.

இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குக்கர் அரிசியைப் பார்ப்பதில்லை, தண்ணீர் தீர்வதை மட்டுமே பார்க்கிறது. ஆகவே நீங்கள் ஊற்றும் தண்ணீர்தான் அரிசி எவ்வளவு நேரம் வேகும் என்பதைத் தீர்மானிக்கிறது. "இந்த குக்கரில் புழுங்கலரிசி வேகவே மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்கள் பலர். பெரும்பாலும் குக்கரில் கோளாறு இருக்காது. பாத்திரத்தின் உள்பக்கம் போட்டிருக்கும் கோடுகள் பொதுவாகச் சீக்கிரம் வேகும் வெள்ளைப் பச்சரிசிக்கான கணக்கு. புழுங்கலரிசிக்குத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும், நேரமும் கூடுதலாக வேண்டும். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் ஆரம்பித்து, வேகாவிட்டால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பழைய அரிசி இன்னும் சற்றுக் கேட்கும். புது அரிசிக்குக் குறைவாகவே போதும்.

இன்னொரு நுணுக்கம். ஆவியாகப் போகும் தண்ணீர், அரிசியின் அளவோடு சேர்ந்து ஏறுவதில்லை. அது பாத்திரத்தின் அகலத்தையும் மூடியையும் பொறுத்தது. அதனால் ஒரு கப்புக்குச் சரியாக இருந்த விகிதத்தை அப்படியே நாலு கப்புக்குப் பெருக்கினால் சோறு குழைந்துவிடும். அரிசியைக் கூட்டும்போது தண்ணீரைக் கூட்டுங்கள், ஆனால் விகிதத்தைச் சற்று இறக்குங்கள்.

நான்கு வகை, அப்புறம் வாங்காமலே இருப்பது

ஸ்விட்ச் குக்கர்தான் எளிய வகை. ஒரு ஹீட்டர், ஒரு ஸ்விட்ச், இரண்டு விளக்கு. வெள்ளைப் பச்சரிசி 20 முதல் 30 நிமிடத்தில் ஆகிவிடும். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இல்லாததால் கெட்டுப்போக அதிகம் இல்லை, கெட்டாலும் சாதாரண மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். நடுவில் கரண்ட் போய் வந்தாலும், கீழே இறங்கிய ஸ்விட்ச் அப்படியே இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்வெட்டு உள்ள இடங்களில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குறை என்னவென்றால், சூட்டைக் கூட்டிக் குறைக்க இதற்குத் தெரியாது. கொதி வந்ததும் கஞ்சி பொங்கி மூடி வழியாக வழியும், அடியில் லேசாகப் பிடிக்கும்.

ஸ்விட்ச் குக்கரிலேயே மூடியைப் பொறுத்து இரண்டு தினுசு. தனியாக எடுத்து வைக்கும் கண்ணாடி மூடி, கழுவ எளிது. ஆனால் ஆவி கசிவதால் சூடாக வைத்திருக்கும்போது இரண்டு மூன்று மணி நேரத்தில் சோறு காய்ந்து அடியில் தகடு தட்டும். கீலோடு சேர்ந்து அழுத்தி மூடுகிற வகையில் ஆவி உள்ளேயே நிற்கும். சோறு நீண்ட நேரம் மிருதுவாக இருக்கும். சமைத்த உடனே சாப்பிடும் வீட்டுக்குக் கண்ணாடி மூடி போதும். காலையில் ஆக்கி மதியம் சாப்பிடும் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி.

அடுத்தது மைக்ரோ சிப் வைத்த டிஜிட்டல் குக்கர். இதில் காந்தத்துக்குப் பதிலாக சென்சார் தொடர்ந்து சூட்டை அளக்கும். சிப் அதைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும். முதலில் இளஞ்சூட்டில் ஊறவைத்து, பிறகு கொதிக்கவைத்து, கடைசியில் தம்மில் விடுவதை எல்லாம் அதுவே செய்துகொள்ளும். அதனால் வெள்ளை அரிசிக்கே 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். கைக்குத்தல் அரிசிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலே போகலாம். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சல். ஆனால் தவிட்டோடு உள்ள அரிசியைத் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வகையைத்தான். தவிட்டுத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்க நேரம் வேண்டும். ஸ்விட்ச் குக்கர் அந்த நேரத்தைத் தராது, நீங்கள் முன்கூட்டியே ஊறவைத்தால்தான் உண்டு.

மூன்றாவது இண்டக்‌ஷன் குக்கர். இதில் அடித்தட்டு சூடாகிப் பாத்திரத்துக்குச் சூட்டைக் கடத்துவதில்லை. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்தால் பாத்திரமே சூடாகிறது. அடி, பக்கம் எல்லாம் சேர்ந்து சூடேறுவதால் மேல் சோறும் அடிச் சோறும் ஒரே பதத்தில் இருக்கும். நான்காவது வகை இதோடு லேசான அழுத்தத்தையும் சேர்க்கும். அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 1.2 மடங்கு ஆனால் தண்ணீர் 105 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அரிசி இன்னும் மிருதுவாக, ஒட்டும் பதத்துக்கு வரும். கவனியுங்கள், ஒட்டும் பதம். குட்டையான, பசையுள்ள அரிசியைச் சாப்பிடுகிறவர்களுக்கு அது வரம். உதிரி உதிரியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை. நீள அரிசியோ புழுங்கலரிசியோ சாப்பிடும் வீட்டில் இந்த இரண்டு வகைக்கும் அதிகப் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்காமலே இருப்பதும் ஒரு தேர்வுதான். அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கரில் உள்சூடு 120 டிகிரியைத் தொடும். பருப்பும் அரிசியும் ஒரே மூச்சில் முடியும். அது ஏற்கெனவே வீட்டில் இருந்து, சமைப்பவரும் அடுப்படியிலேயே இருப்பார் என்றால் ரைஸ் குக்கரால் பெரிய மாற்றம் வராது. ரைஸ் குக்கர் தருவது வேகத்தை அல்ல, பக்கத்தில் நிற்க வேண்டாத சுதந்திரத்தை. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற காலையில், தனியாகத் தங்கியிருக்கும் மாணவருக்கு, அடுப்பை அணைக்க மறந்துவிடக்கூடிய வயதானவருக்கு அதன் அருமை தெரியும். கஞ்சி வடித்த சோறுதான் வேண்டும் என்பவர்களுக்கும் இது ஏற்றதல்ல. குக்கரில் தண்ணீர் முழுவதும் உள்ளேயே அடங்கும், வடிக்க எதுவும் மிஞ்சாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அரிசியில் உள்ள ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளில் கணிசமான பகுதி வெளியேறும் என்பது உண்மை. கூடவே பி வைட்டமின்களும் கொஞ்சம் போகும்.

அளவு

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பலரை ஏமாற்றிவிடுகிறது. சில நிறுவனங்கள் எவ்வளவு அரிசி போடலாம் என்பதைச் சொல்கின்றன, சில பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவைச் சொல்கின்றன. கப் கணக்கிலும் இதே குழப்பம்: ஒருவர் அரிசியைச் சொல்வார், இன்னொருவர் வெந்த சோற்றைச் சொல்வார். அரிசி வெந்தால் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகும் என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. "இதில் அதிகபட்சம் எத்தனை கிராம் அரிசி போடலாம்?" என்று நேராகக் கேளுங்கள். கூடவே வரும் அளவு கப்பும் பெரும்பாலும் 180 மில்லிதான். வீட்டு டம்ளரும் அதுவும் ஒன்றாக இருக்காது. அந்த கப்பில் தலை தட்டி எடுத்தால் ஏறக்குறைய 150 கிராம் அரிசி வரும். பாத்திரத்தில் உள்ள கோடுகள் அந்த கப்புக்குத்தான் பொருந்தும், அதனால் கப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

எப்போதாவது வரும் விருந்தாளிகளை நினைத்துப் பெரிய குக்கர் வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. பெரிய பாத்திரத்தில் ஒரு கப் அரிசி போட்டால் அது மெல்லிய அடுக்காகப் பரந்து, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, அரை வேக்காட்டிலேயே ஸ்விட்ச் ஏறிவிடும். தினசரி அளவு பாத்திரத்தின் பாதியைத் தொட வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனால் ருசி கெடும். ஒருவர் அல்லது இருவர் என்றால் மூன்று கப் அரிசி பிடிப்பது, நாலைந்து பேர் என்றால் ஐந்து அல்லது ஆறு கப் பிடிப்பது. புழுங்கலரிசிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றுவதால் ஒரு அளவு பெரிதாக எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் தினமும் கஞ்சி வழிந்துகொண்டே இருக்கும்.

பாத்திரம்

குக்கரின் ஆயுள் என்று சொல்வது நடைமுறையில் உள்பாத்திரத்தின் ஆயுள்தான். கோட்டிங் இல்லாத அலுமினியப் பாத்திரம் லேசானது, மலிவு. ஆனால் சீக்கிரம் நசுங்கும், புளியும் தக்காளியும் சேர்த்துச் சமைக்க ஏற்றதல்ல. நான்ஸ்டிக் பாத்திரம் கழுவ எளிது. அந்தக் கோட்டிங் 260 டிகிரி வரை தாங்கக்கூடியது, குக்கரில் சோறு வேகும்போது அதற்குப் பக்கத்தில்கூடச் சூடு போகாது. ஆகவே புகை, நச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது ஸ்டீல் கரண்டிக்கும் கம்பி நாருக்கும்தான். ஸ்டீல் பாத்திரத்தில் கீறல் கவலை இல்லை, எத்தனை வருஷமானாலும் உழைக்கும். ஆனால் சோறு ஒட்டும். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் இருந்தால் என் ஓட்டு ஸ்டீலுக்கே. இரண்டில் எதுவானாலும் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக இருந்தால் சூடு சீராகப் பரவும், அடி சீக்கிரம் நெளியாது. அப்புறம், பாத்திரம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் மூன்று வருஷத்தில் முழு குக்கரையும் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த குக்கரை 230 வோல்ட்டில் செருகினால் ஹீட்டர் ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரம் இழுத்துக் கருகிவிடும்.

சூடாக வைத்திருப்பது

600 வாட் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். அதையே சராசரியாக 40 வாட்டில் எட்டு மணி நேரம் சூடாக வைத்திருந்தால் 0.32 யூனிட். சமைத்த மின்சாரத்தைவிட வெறுமனே வைத்திருந்த மின்சாரம் அதிகம்.

மின்சாரத்தைவிட முக்கியமானது வேறு. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிக்கும் சூட்டிலும் சாகாமல் தப்பும். சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாக நின்றால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அதனால் 'வார்ம்' விளக்கு எரிகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சோறு கை வைக்க முடியாத சூட்டில் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியோடு அப்படியே மணிக்கணக்கில் விடுவதுதான் மிக மோசம். மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். டைமர் வைத்து இரவெல்லாம் அரிசியைத் தண்ணீரில் ஊறவிடுவதும் வெயில் காலத்தில் வேண்டாம், தண்ணீர் புளித்துவிடும்.

பராமரிப்பு

பாத்திரத்தின் அடியும் ஹீட்டர் தட்டும் ஒன்றோடு ஒன்று முழுமையாக ஒட்டி உட்கார வேண்டும். மற்ற எல்லாப் பராமரிப்பும் இதற்குப் பிறகுதான். ஒரே ஒரு அரிசி இடையில் சிக்கினாலும் பாத்திரம் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது, சென்சாருக்கும் சரியான சூடு தெரியாது. அந்த அரிசியும் தட்டோடு தட்டாகக் கருகி, கறுப்புக் குமிழாக ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்டினால் வராது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து, ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். நடுவில் உள்ள வட்டத் தலையைச் சுற்றிச் சேரும் கஞ்சிப் பொருக்கையும் எடுத்துவிடுங்கள். அது சிக்கினால் தலை மேலும் கீழும் போகாது.

பாத்திரத்தை வைக்குமுன் அதன் வெளிப்பக்கத்தை ஈரம் போகத் துடையுங்கள். வைத்தபின் இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக லேசாகத் திருப்பினால் அடி சரியாக உட்காரும். உள்ளே பாத்திரம் இல்லாமல் ஸ்விட்சைத் தட்டவே கூடாது. அரிசியை இன்னொரு பாத்திரத்தில் களைந்துவிட்டுப் போடுங்கள். நான்ஸ்டிக்கில் வைத்தே களைவதும், நேராகக் குழாய்த் தொட்டியில் இடிப்பதும் கோட்டிங்குக்கும் அடிக்கும் கேடு.

மூடி மறந்துபோகிற இடம். அழுத்தி மூடும் குக்கரில் உள்மூடித் தகடு, அதைச் சுற்றியுள்ள ரப்பர், ஆவி போகும் மூடி, பக்கவாட்டில் தண்ணீர் சேரும் சின்னக் கிண்ணம் எல்லாம் கழன்று வரும். இவற்றைக் கழுவாமல் விட்டால் நல்ல அரிசி போட்டாலும் சோற்றில் ஒரு ஊசல் வாடை வரும். வாடை பிடித்துவிட்டால் பாத்திரத்தில் பாதித் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள். உடம்புப் பகுதியைத் தண்ணீரில் முக்கக் கூடாது. இதமான சூட்டைத் தேடி எறும்பும் கரப்பானும் டிஜிட்டல் குக்கருக்குள் குடியேறும். சோற்றுப் பருக்கை சிந்தாமல் துடைத்து, சுவரிலிருந்து தள்ளி வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

ஸ்விட்ச் ஏறிய உடனே திறக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் மேலே உள்ள ஈரம் கீழே இறங்கி, அடியில் ஒட்டியதும் தானாக விடும். அதன்பின் கிளறிவிடுங்கள்.

கோளாறு வந்தால் பெரும்பாலும் மூன்று நாலு காரணம்தான். வேகும் முன்னே ஸ்விட்ச் ஏறினால் அடியில் ஏதாவது சிக்கியிருக்கும், அல்லது பாத்திரம் நெளிந்திருக்கும். சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள். கஞ்சி பொங்கினால் அரிசியை இன்னும் நன்றாகக் களையுங்கள், அளவைக் குறையுங்கள், ஆவித் துளையைத் திறந்து பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் முதலில் பிளக்கையும் வயரையும் வேறொரு சாதனத்தில் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால் அதிகச் சூட்டில் அறுந்துபோகும் பாதுகாப்பு ஃப்யூஸாக இருக்கலாம். அது சின்னப் பொருள், மாற்றினால் குக்கர் பிழைத்துவிடும். ஆனால் ஏன் அறுந்தது என்று பார்க்காமல் மாற்றக் கூடாது. வெறும் கம்பியால் இணைத்துக் கொடுப்பவரிடம் தரவே கூடாது. டிஜிட்டல் குக்கரில் பிளக்கைப் பிடுங்கினால் மணி காட்டுவது மறைந்தால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சமையல் வழக்கம்போல நடக்கும், டைமர் மட்டும்தான் தொல்லை.

தொட்டால் லேசாக 'சுர்' என்றாலும், செருகும் இடத்தில் வயர் உருகிக் கறுத்திருந்தாலும் அந்த வேளையே நிறுத்திவிடுங்கள். நீளமான, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டுவதால் வருவதுதான் இதில் பாதி. குக்கரின் வயர் எட்டுகிற இடத்திலேயே தனி பிளக் பாயிண்ட் வைத்துக்கொள்ளுங்கள்.